மூன்றாவது ஓட்டை

சூரமங்கலம் ரயில்வே குடியிருப்பில் நாங்கள் இருந்தபோது, என் கணவர் ஆசையாக ஒரு மின்சார அடுப்பு வாங்கிவந்தார். ஈரத்தரையில் நின்று அதைத் தொட்டாலே எனக்குச் சுருக்கென்றது. வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் அவர் பூட்ஸ் காலோடு வந்து தொட்டுவிட்டு, "ஒண்ணுமில்லையே! எல்லாம் உன் பிரமை" என்றார்.

எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏனுங்க, பூட்ஸ் போட்டுக்கிட்டா நான் சமைக்கிறேன்? கழட்டிப்போட்டுத் தொடுங்க!"

வெறுங்காலோடு தொட்டவர், "ஆத்தா!" என்று துள்ளிவிட்டார்.

லைன்மேன் வந்து சுவரிலிருந்த பிளக் பாயிண்ட்டைக் கழற்றினால், மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால், கசியும் கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோகும் எர்த் கம்பியே இல்லை! வெளியே குழி தோண்டி, கரியும் உப்பும் கொட்டி, புதிதாக ஒரு கம்பியை மண்ணுக்குள் இறக்கும்வரை நான் அடுப்பைத் தொடவில்லை.

அதற்கப்புறம் நான் எதைச் சொன்னாலும், பதில் பேசுவதற்கு முன்னால் அவர் பூட்ஸைக் கழற்றிவிடுவார்.