நோர்வேயில் மாப்பிள்ளை இல்லை

நிலாணி அக்காவைப் பற்றி ரொறன்ரோவில் எங்கள் வெக்ஸ்போர்ட் பகுதியில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். நோர்வேயில் பேசிய கல்யாணம் முறிந்துபோனதாம், அந்தக் கவலையில்தான் அவர் இன்னும் அந்த நாட்டு மொழியைப் படித்துக்கொண்டு திரிகிறாராம். போன கிழமைகூட ஒருவர் என்னிடமே இதைச் சொன்னார். நான் நிலாணி அக்காவுடைய சித்தப்பாவின் பிள்ளை. பள்ளிக்கூடம் விட்டால் அவர்கள் வீட்டில்தான் நிற்பேன். நடந்தது எல்லாம் என் கண் முன்னால் நடந்தது. அதனால் எழுதுகிறேன்.

நிலாணி அக்காவில் விசேஷம் என்று சொல்ல எதுவும் இல்லை. சனிக்கிழமைகளில் ஒரு சப்பாத்துக் கடையில் வேலை செய்வார். பஸ்ஸில் இருந்தால் ஐந்தாம் நிமிடம் தூங்கிவிடுவார். சிரித்தால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். வகுப்பில் முதலாம் பிள்ளையாக ஒருநாளும் வந்ததில்லை. ஆனால் தன் அப்பாவின், அதாவது என் பெரியப்பாவின், ஆசைப்படி உயிரியல் பாடங்கள் எடுத்துத்தான் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அதன் பிறகு பார்மசி என்பது பெரியப்பாவின் திட்டம்.

முதலாம் வருடத்தில் எல்லாரும் தங்கள் துறைக்கு வெளியே ஒரு பாடமாவது எடுக்கவேண்டும். அவருடைய நேரசூசியில் பொருந்தியது நோர்வேஜிய மொழிப் பாடம் மட்டும்தான். படிப்பித்தவர் வேரோனிக்கா என்ற ஆசிரியை, பேர்கன் நகரத்துக்காரி. இரண்டாம் வகுப்பிலோ மூன்றாம் வகுப்பிலோ அவர் ஒரு விஷயம் சொல்லியிருக்கிறார். நோர்வேயில் எழுதுவதற்கு இரண்டு வழக்குகள் உண்டு. ஆனால் வாய் திறந்தால் அவரவருக்கு அவரவர் ஊர்ப்பேச்சுத்தான். தொலைக்காட்சியிலும் அப்படி, பாராளுமன்றத்திலும் அப்படி. அதைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை.

அன்று பின்னேரம் நிலாணி அக்கா வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் எனக்கு இதைச் சொன்னார். ஏன் அவருக்கு அது அவ்வளவு பெரிய செய்தி என்று எனக்கு உடனே விளங்கியது. பெரியம்மா நாகேஸ்வரி மட்டக்களப்பு. பெரியப்பா பொன்னம்பலம் யாழ்ப்பாணம். எங்கள் குடும்ப விழாக்களில் பெரியம்மா வாயைத் திறந்து “மறுகா” என்று ஒரு சொல் சொன்னால் போதும், யாராவது ஒருவர் அதைத் திருப்பிச் சொல்லிச் சிரிப்பார். பிறகு என்ற சொல்லுக்குப் பதிலாக அவர் ஊரில் சொல்வது அது. இப்போது அவர் விழாக்களில் பேசுவதே குறைவு.

“அம்மா நோர்வேயில பிறந்திருந்தா ரீவியிலயே மறுகா எண்டு சொல்லியிருப்பா” என்றார் நிலாணி அக்கா. பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் கண் பகிடி விடவில்லை.

அடுத்த வருடம் உயிரியலை விட்டுவிட்டு ஸ்கண்டிநேவிய மொழிகளும் பண்பாடும் என்ற துறைக்கு மாறிவிட்டார். மாறிய பிறகுதான் வீட்டில் சொன்னார்.

பெரியப்பா சோற்றுக்கோப்பையைத் தள்ளி வைத்தார். “உது படிச்சு என்ன வேலை எடுப்பாய்?”

“மொழிபெயர்ப்பு, படிப்பிக்கிறது, இன்னும் கனக்க இருக்கு அப்பா.”

“எங்கட ரொறன்ரோவச் சுத்தி இருக்கிற சனமளவு கூட அந்த நாட்டில இல்லை. இருக்கிற எல்லாருக்கும் இங்கிலிஷ் தெரியும். நீ ஆரோட கதைக்கப் போறாய்?”

“அவையோடதான்.”

“முந்தி இலங்கைக்குச் சமாதானப் பேச்சுவார்த்தை எண்டு வந்தவங்கள், பேசிப்போட்டுப் போட்டாங்கள். இப்ப உனக்கு என்ன அவங்களோட பேச்சுவார்த்தை?”

நிலாணி அக்காவின் தம்பி ஜெனோசன் சிரித்துவிட்டான். அவனுக்கும் பேச்சு விழுந்தது. ஒரு மாதம் அந்த வீட்டில் ஒரே சத்தம். பிறகு ஒருநாள் சத்தம் நின்றுவிட்டது. பெரியப்பா மனம் மாறிவிட்டார் என்று நான் நினைத்தேன். அப்படி இல்லை.

கோயிலில் கௌசி அன்ரி பெரியப்பாவைப் பிடித்திருக்கிறார். கௌசி அன்ரிக்குக் கல்யாணம் பேசுவது தொழில் இல்லை, ஆனால் வேறு எதிலும் அவ்வளவு அக்கறை இல்லை. “பொன்னம்பலம் அண்ணை, மகள் நோர்வேஜியன் படிக்கிறாவாம்? அப்ப மாப்பிள்ளை நோர்வேயிலயோ? எங்களுக்குச் சொல்லவே இல்லையே!”

மகள் ஏன் அதைப் படிக்கிறாள் என்று ஊருக்கெல்லாம் விளக்கம் சொல்லிக் களைத்துப்போன மனுஷன் சும்மா சிரித்திருக்கிறார். அந்தச் சிரிப்பே ஓம் என்ற பதிலாகிவிட்டது. அந்தக் கிழமை முடிய முதலே யூனியன்வில்லில் இருந்து வாழ்த்துச் சொல்லித் தொலைபேசி வந்தது.

எனக்கு இன்னும் ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான். பிடித்ததால் படிக்கிறேன் என்று நிலாணி அக்கா சொன்னபோது எல்லாருக்கும் அது விசர்க் கதை. அதே படிப்பு, அதே புத்தகம், மாப்பிள்ளைக்காக என்று ஆனதும் கெட்டித்தனம். “போக முதலே பாஷை படிக்கிறாள் பாருங்கோ, உதெல்லோ பிள்ளை” என்று சொன்னார்கள். நிலாணி அக்கா மறுத்தார். வெட்கத்தில் மறுக்கிறாள் என்றார்கள்.

இல்லாத மாப்பிள்ளையைக் கௌசி அன்ரி இரண்டு மாதத்தில் உண்டாக்கியும் விட்டார். ஒஸ்லோவில் பிறந்து வளர்ந்த துஷாந்த். பொறியியல் படித்தவன். நல்ல குடும்பம், எங்களுக்குத் தூரத்துச் சொந்தமும்கூட.

அதே நேரத்தில்தான் அந்த இடம் கிடைத்தது. மாணவர் பரிமாற்றத்தில் ஒரு வருடம் பேர்கனில் படிக்க நிலாணி அக்காவைத் தெரிவுசெய்திருந்தார்கள். அதற்கு விசா எடுக்க, ஒரு வருடம் அங்கே இருந்து சாப்பிடப் பணவசதி உண்டு என்று காட்டவேண்டும். அந்த வசதி பெரியப்பாவிடம்தான் இருந்தது.

பெரியப்பா மிகவும் சந்தோஷமாகச் சொன்னார். “போ. நான் நிக்கிறன் உனக்கு. ஒரு வருஷம் அங்க படி, பெடியனையும் பார், பழகு. ஞாயிற்றுக்கிழமை அவையோட வீடியோவில ஒருக்காக் கதை. அவ்வளவுதான் நான் கேக்கிறது.”

அன்று இரவு முழுவதும் ஜெனோசன் நிலாணி அக்காவுக்குப் பின்னால் திரிந்தான். “அக்கா, ஜஸ்ட் ஓம் எண்டு சொல்லுங்கோ. அங்க போய் பிறகு நோ எண்டு சொல்லலாம். ஹூ கெயர்ஸ்?”

நானும் அதையே சொன்னேன்.

“நீங்கள் ரெண்டு பேரும் விளங்காமக் கதைக்கிறியள்” என்றார் நிலாணி அக்கா. “அப்பிடிப் போனா, நான் இவ்வளவு நாளும் படிச்சதெல்லாம் அந்தப் பெடியனுக்காகப் படிச்சதெண்டு ஆகிடும். ஒருக்கா ஆகிட்டா பிறகு மாத்தேலாது. எனக்கெண்டு இருக்கிறது இது ஒண்டுதான்.”

ஞாயிறு காலை. அங்கே பின்னேரம். பெரியப்பா மடிகணினியைத் தொலைக்காட்சியோடு இணைத்து வைத்தார். கௌசி அன்ரி நல்ல சேலையோடு வந்து சோபாவின் நடுவில் இருந்தார். திரையில் துஷாந்த், அவனுடைய அம்மா. அவனும் நன்றாகத் தலை வாரி, நேர்காணலுக்கு வந்தவன் மாதிரி இருந்தான். குளிர், பயணம், சொந்தக்காரர் என்று கதை கொஞ்ச நேரம் ஓடியது.

பிறகு துஷாந்தின் அம்மா கேட்டார். “பிள்ளை நல்லா நோர்வேஜியன் கதைப்பீராமே? எங்க, தம்பியோட ஒரு ரெண்டு சொல்லுச் சொல்லும் பாப்பம்.”

எல்லாரும் நிலாணி அக்காவைப் பார்த்தோம். அவர் நேரே திரையைப் பார்த்துப் பேசினார். அவசரப்படவில்லை. எங்களுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. துஷாந்தின் முகம் முதலில் சிரித்தது, பிறகு சிரிப்பை விட்டுவிட்டு உன்னிப்பாகக் கேட்டது. அவனுடைய அம்மா தலை குனிந்துகொண்டார்.

“என்னவாம் சொல்லுறா?” என்று கௌசி அன்ரி ஆவலோடு கேட்டார்.

நிலாணி அக்கா திரும்பினார். “உங்களுக்கும் சொல்லுறன் அன்ரி. ஒளிச்சுக் கதைக்கிறதுக்கு நான் இதைப் படிக்கேல்லை. நான் ஒருத்தரையும் கட்டுறதுக்காக இந்தப் பாஷை படிக்கேல்லை. துஷாந்தில எந்தப் பிழையும் இல்லை. ஆனா அவரைச் சாட்டி நான் நோர்வேக்குப் போக மாட்டன். எனக்கு விருப்பம், அதால படிக்கிறன். இதைத்தான் சொன்னனான்.”

முதலில் பேசியது துஷாந்த். அவனுடைய தமிழ் கொஞ்சம் இடறியது, ஆனால் கேள்வி நேராக வந்தது.

“எனக்குக் கோவம் இல்லை. ஆனா... ஏன்? எங்களுக்கு வேற வழி இல்லை, அதால படிச்சனாங்கள். நீங்கள் ஏன்?”

“வேற வழி இருந்தும் படிக்கிறன்” என்றார் நிலாணி அக்கா. “அதுதான்.”

அவன் தலையாட்டினான். பெரியப்பா எழுந்துபோய் வயரைப் பிடுங்கினார். ஒஸ்லோ மறைந்தது.

கௌசி அன்ரிக்குத்தான் தாங்கவில்லை. “பொம்பிளைப் பிள்ளைக்கு உந்த வாய் கூடாது. நாகேஸ் அக்கா, நீங்கள் வளர்த்த வளர்ப்பு இதோ?”

பெரியம்மா அதுவரை குசினி வாசலில் தேத்தண்ணித் தட்டோடு நின்றார். தட்டை மேசையில் வைத்தார். “என்ட புள்ள களவெடுத்தவளா? பொய் சொன்னவளா? படிக்க விருப்பம் எண்டு சொன்னவள். மறுகா என்ன?”

அந்தச் சொல்லைக் கேட்டு அன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. கௌசி அன்ரி தேத்தண்ணி குடிக்காமல் போய்விட்டார்.

இது வெற்றிக் கதை இல்லை. பெரியப்பா சொன்ன சொல்லைத் திரும்ப எடுத்துவிட்டார். விசா எடுக்க முடியவில்லை, பேர்கனில் கிடைத்த இடம் வேறொருவருக்குப் போனது. அன்றைக்கு நிலாணி அக்கா குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதார். வெளியே வந்து முகத்தைத் துடைத்துவிட்டு எங்களிடம் சொன்னார்: “இன்னொருக்கா அந்த வீடியோ வந்தாலும் இதைத்தான் சொல்லுவன்.” துறையை மாற்றவில்லை. பார்மசிக்கும் போகவில்லை. இப்போது சப்பாத்துக் கடையில் வெள்ளிக்கிழமையும் வேலை செய்கிறார், இந்த வருடம் திரும்பவும் விண்ணப்பித்திருக்கிறார். பெரியப்பா அவரோடு தேவைக்கு மட்டும் கதைப்பார்.

போன மாதம் யூனியன்வில்லில் ஒரு பிள்ளையின் பூப்புனித விழாவுக்கு, சாமத்திய வீட்டுக்கு, போயிருந்தோம். சாப்பாட்டு வரிசையில் பிக்கரிங்கில் இருந்து வந்த ஒரு அங்கிள் பெரியப்பாவின் தோளில் தட்டினார். “என்ன பொன்னம்பலம், மகள் எப்ப நோர்வேக்குப் போறா? மாப்பிள்ளை என்ன செய்யிறார்?”

பெரியப்பா கரண்டியைப் பிடித்தபடி நின்றார். நிலாணி அக்கா அவருக்குப் பின்னால் இரண்டு பேர் தள்ளி நின்றார். சும்மா சிரித்துவிட்டுப் போகலாம். முந்தி ஒருமுறை கோயிலில் அப்படித்தான் சிரித்தார்.

“மாப்பிள்ளை ஒருத்தரும் இல்லை. அவள் படிக்கிறாள்” என்றார் பெரியப்பா.

“மாப்பிள்ளை இல்லாமலோ? அப்ப ஏன் உதைப் படிக்கிறா?”

“அதை அவளைக் கேளும்.”

அங்கிள் திரும்பிப் பார்த்தார். நிலாணி அக்கா கோப்பையோடு ஒரு அடி முன்னால் வந்தார்.

“விருப்பம், அங்கிள்.”

“விருப்பமோ? விருப்பத்துக்கு ஆரும் யூனிவேர்சிற்றியில படிப்பினமோ?”

“நான் படிக்கிறன்” என்று சொல்லிவிட்டு, அவர் சோற்றுச் சட்டியின் மூடியைத் திறந்தார்.