பிரெஞ்சு மாமியின் மௌன விரதம்

சின்ன காஞ்சிபுரத்தில் ஜெயலக்ஷ்மி என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. பிரெஞ்சு மாமி என்றால் குழந்தைகூட வீடு காட்டும். ப்ளஸ் டூவில் தமிழை விட்டுப் பிரெஞ்சு எடுத்தால் மார்க்கு கொட்டும் என்று தொண்ணூறுகளில் ஊரே அலைந்ததே, அந்தப் புண்ணியத்தில் வந்த பேர். மாமி பிரெஞ்சு படித்தது தபாலில். எதிர்கால வினையையும், 'இப்படி இருந்திருந்தால் அப்படிச் செய்திருப்பேன்' என்கிற நிபந்தனை வினையையும் மாவு அரைத்துக்கொண்டே நெட்டுருப் போட்டவள். ஒரு விகுதி பிசகாது. ஆனால் பிரெஞ்சுக்காரர் ஒருவர் பேசி அவள் காதால் கேட்டதே கிடையாது. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. யார் வந்து சோதிக்கப் போகிறார்கள்?

ஒரு ஏகாதசியன்று சோதனை வந்தது. டியூஷன் இல்லாத நாள். ஆட்டோக்கார சபாபதி வாசலில் வந்து நின்றார்.

"மாமி, ஒரு வெள்ளைக்காரம்மா கோயிலாண்ட அழுதுகினு நிக்குது. இங்கிலீஷ் வரல, பிரெஞ்சுதான் பேசுது. வந்து இன்னான்னு கேளுங்க மாமி."

மாமி பதில்கூடச் சொல்லாமல் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். தெருப் பிள்ளைகள் சைக்கிளில் பின்னாலேயே வந்தார்கள். பொய் சொல்வானேன், வழியெல்லாம் மாமி கொஞ்சம் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தாள்.

பெருமாள் கோயில் மேற்குக் கோபுர வாசலில் அந்த அம்மாள் மாமியின் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுகையும் பேச்சுமாகக் கொட்டினாள். மாமிக்கு ஒரு வார்த்தை பிடிபடவில்லை. படித்த பாஷையா இது? சொல் எங்கே முடிகிறது, எங்கே தொடங்குகிறது, ஒன்றும் தெரியவில்லை. கூட்டம் முழுக்க மாமியின் வாயையே பார்த்தது. எப்படித்தான் அந்தப் புத்தி வந்ததோ, விரலை உதட்டில் வைத்துத் தலையை ஆட்டினாள்.

"இன்னிக்கு ஏகாதசியாச்சே, மாமிக்கு மௌன விரதம் போல," என்றாள் பூக்காரி.

"ஆமாம்மா, வர்ற வழியிலகூட வாயத் தொறக்கல," என்றார் சபாபதி.

மாமி மறுக்கவில்லை. திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நின்றாள்.

கடைசியில் ஸௌம்யா முன்னால் வந்தாள். டியூஷனில் மக்கு என்று மாமியிடம் தினம் திட்டு வாங்குகிற பெண். "நான் கேக்கட்டுமா மாமி?" என்றாள். உடைசல் பிரெஞ்சிலும் கை ஜாடையிலும் திரும்பத் திரும்பக் கேட்டு, அரைமணி கழித்து விஷயத்தைப் பிடித்தாள். அந்த அம்மாளின் புருஷன் பட்டுக்கடை பார்க்கப் பெரிய காஞ்சிபுரம் போனவர் திரும்பவில்லை. சர்க்கரை வியாதிக்காரர், ஊசி மருந்து இவள் பையில் இருக்கிறது. சபாபதி ஆட்டோவை விரட்டிக்கொண்டு போய், ஒரு கடை வாசலில் தலைசுற்றிக் கிடந்தவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார். மனிதர் பிழைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தும் மாமியால் பேச முடியவில்லை. விரதம்தான் ஊருக்கே தெரிந்துவிட்டதே. வெட்கம் பிடுங்கித் தின்றது. பெருமாள் வாசலிலேயே நின்று ஏகாதசியின் பேரில் பொய் சொன்னேனே என்று புழுங்கினாள். தனக்கு ஒன்றும் புரியவில்லை என்பதை நாளைக்குப் பிள்ளைகளிடம் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தாள்.

மறுநாள் டியூஷனுக்குப் பிள்ளைகளோடு ஸௌம்யா மல்லிகைச் சரத்தோடு வந்தாள். "அம்மா குடுக்கச் சொன்னா மாமி. ஒருத்தி கண்ணெதிரே அப்படி அழறச்சேயும் விரதத்தை விடலையே, என்ன திடம்னு அம்மா சொல்லிண்டே இருக்கா."

மாமி வாயைத் திறந்தாள். "பாடத்தை எடுங்கோ," என்றுதான் வந்தது. "ஆளுக்கொரு நிபந்தனை வாக்கியம் சொல்லுங்கோ."

பிரபந்தம் சொல்லிக்கொடுக்கிற வீட்டில் பிறந்தவள் மாமி. அங்கே குரு ஒருதரம் சொன்னால் சிஷ்யர்கள் இரண்டுதரம் சொல்வார்கள். மாமியின் டியூஷனிலும் அதே வழக்கம்தான்: ஒருவர் சரியாகச் சொன்ன வாக்கியத்தை மற்றவர்கள் இரண்டுதரம் திருப்பிச் சொல்ல வேண்டும்.

ஸௌம்யா எழுந்து பிரெஞ்சில் நிதானமாகச் சொன்னாள்: "மாமி பேசியிருந்தால் அந்த அம்மாள் அவ்வளவு நேரம் அழுதிருக்க மாட்டாள்."

அவள் முகத்தில் குத்தல் எதுவும் இல்லை. முதல்தடவையாகத் தப்பில்லாமல் சொல்லிவிட்ட சந்தோஷம்தான் இருந்தது.

"சரியா மாமி?"

"சரிதான்," என்றாள் மாமி.

பிள்ளைகள் எல்லோரும் உரக்க அதை இரண்டுதரம் சொன்னார்கள்.