எல்லையம்மாள் மறுத்த ஊசி

வலங்கைமானுக்குத் தெற்கே, நடவோ அறுப்போ, எல்லையம்மாளைக் கேட்காமல் எந்தப் பண்ணையும் வயலில் ஆள் இறக்காது. முப்பது பெண்களை ஒரே வரிசையில் நிறுத்தி வேலை வாங்குவாள். அவள் வாய்க்குப் பயந்தே பண்ணைகளின் காரியக்காரர்கள் கூலி நெல்லை ஒழுங்காக அளந்தார்கள். கோட்டையில் ஆட்சி மாறி மூன்று வருஷம் ஆகியும் களத்தில் கூலி அளக்கும் மரக்கால் கணக்கு மாறவில்லையே என்று அவள் போட்ட சத்தத்தில்தான் அந்தத் தை மாத வேலைநிறுத்தமே தொடங்கியது.

அதற்கு ஒரு மாதம் முன்னால், கடல் கடந்து எட்டு வெள்ளைக்கார மாணவர்கள் சேவை செய்ய வந்து இறங்கியிருந்தார்கள். பாதிப் பேர் பாடம் சொல்ல, பாதிப் பேர் வைத்தியம் பார்க்க. தங்க இடம் கொடுத்தவர் மிராசுதார் பஞ்சநதம். ஊரில் மாடி வீடு அவருடையது ஒன்றுதான். அது யார் வீடு, எவர் உழைப்பு என்று அந்தப் புண்ணியவான்கள் விசாரிக்கவில்லை.

வேலைநிறுத்தத்துக்குச் சில நாள் முன்னால் எல்லையம்மாளுக்குப் பாதத்தில் அரிவாள் வெட்டு. சீழ் பிடித்துக் கணுக்கால் வரை வீங்கியிருந்தது. அவர்களிடம் போகக் கூலிக்காரர் தெருவே தயங்கியபோது முதலில் போய்க் காலை நீட்டியவள் அவள்தான். லிண்டா என்ற வைத்திய மாணவி தினமும் ஊசி போட்டுக் கட்டுப் போட்டாள். மிஷன் பள்ளி டீச்சர் மரியபுஷ்பம் மொழிபெயர்த்தாள். வீக்கம் வடிவதைப் பார்த்த பிறகே மற்றப் பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

வேலைநிறுத்தத்தின் நான்காம் நாள். வரப்பில் செங்கொடி நட்டிருந்தால் அந்த வயலில் யாரும் கால் வைக்கக்கூடாது. பஞ்சநதம் மாணவர்களிடம், ஆள் கிடைக்காமல் நெல் உதிர்கிறது, உதவுங்கள் என்றார். உடனே எட்டுப் பேரும் கொடியைத் தாண்டி அரிவாளோடு இறங்கினார்கள். சிரித்தார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். அறுத்தது என்னவோ ஒரு கைப்பிடிதான். ஆனால் பூதலூர்ப் பக்கமிருந்து லாரியில் வந்து, இறங்கப் பயந்து நின்ற வெளியாட்கள், வெள்ளைக்காரனே இறங்கிவிட்டான் என்று மதியமே அந்த வயலில் இறங்கினார்கள்.

எல்லையம்மாளை நம்பித்தானே தெரு அந்த மாணவர்களிடம் போனது!

சாயங்காலம் லிண்டா மருந்துப் பெட்டியோடு அவள் வீட்டுக்கே வந்தாள்.

"இன்னும் அஞ்சு ஊசி பாக்கியாம் அக்கா. நிறுத்தினா காலே போயிடுமாம்," என்றாள் மரியபுஷ்பம். "இவங்க தெரியாமத்தான் செஞ்சிட்டாங்க."

"எங்க பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லத் தெரியுது, எங்களை ஒரு வார்த்தை கேக்கத் தெரியலயா?"

லிண்டா அழத் தொடங்கினாள்.

"அழச் சொல்லல டீச்சரம்மா. அறுத்த கதிரைத் திரும்ப நட்டுட்டு வரச் சொல்லுங்க. அப்பறம் காலக் காட்டுறேன்."

புருஷன் மருதையன் கெஞ்சினான். "வீம்பு பண்ணாத புள்ள. கால் போனா சேத்துல எப்படி எறங்குவே?"

"இன்னைக்கி நான் ஊசி போட்டுக்கிட்டா நாளைக்கித் தெருவே அந்த மாடி வீட்டு வாசல்ல போயி நிக்கும். அப்பறம் கொடி எதுக்கு நட்டோம்?"

கதவைச் சாத்திவிட்டாள்.

மாணவர்கள் மறு வாரம் ஊருக்குக் கிளம்பிப் போனார்கள். தெரு மட்டும் உடையாமல் நின்றது. இருபத்தோராம் நாள் பேச்சுவார்த்தையில் கூலி கூடியது. அதற்குள் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் எல்லையம்மாளின் காலைக் கணுக்காலுக்கு மேலே எடுத்துவிட்டிருந்தார்கள்.

ஆனி மாதம் குறுவை நடவு. முப்பது பெண்களும் புதுக் கூலிக்குச் சேற்றில் இறங்கினார்கள். எல்லையம்மாள் வரப்பில் கோலூன்றி நின்று, வரிசை கோணாமல் நடச் சொல்லிச் சத்தம் போட்டாள். காரியக்காரர் வந்தார்.

"நடாத ஆளுக்குக் கூலி கெடையாது. வீட்டுக்குப் போ."

அவள் வயலைப் பார்த்தாள். முப்பது பேரில் ஒருத்தியும் குனிந்த தலை நிமிரவில்லை.