மேம்பாலத்தில் நடந்த மலைப் பயிற்சி

"சார், எனக்கு மலையில வண்டி ஓட்டச் சொல்லித் தரணும். வர்ற சனிக்கிழமை டெஸ்ட்டு."

அருப்புக்கோட்டையில் நான் டிரைவிங் ஸ்கூல் இன்ஸ்ட்ரக்டராக இருந்தபோது இப்படிக் கேட்டு வந்தவர் எஸ்தர். என்னைவிட மூத்தவர். திருச்சுழிப் பக்கம் பால் கேன் ஏற்றும் லோடு ஆட்டோவைப் பல வருஷமாக ஓட்டுகிறவர். மழை பொய்த்து ஊரில் மாடுகளை விற்க ஆரம்பித்ததும் பால் லோடு பாதியாகிவிட்டது. கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூடத்தில் பெண் வேன் டிரைவர் தேடுவதாகக் கேள்விப்பட்டு, அந்த வேலையைத்தான் நம்பியிருந்தார்.

"ஓட்டிருவேன் சார். டெஸ்ட்டுல பள்ளிக்கூட வார்டன் அம்மா பக்கத்துல உக்காந்து இங்கிலீஷுலயே சொல்வாகளாம். அந்த இங்கிலீஷையும் நீங்கதான் சொல்லித் தரணும்."

எங்கள் ஊரில் மலைக்கு எங்கே போவது? கண்மாய்க் கரையை விட்டால் ரயில்வே மேம்பாலம்தான். அங்கேயே ஆரம்பித்தோம்.

"ஏத்தத்துல வண்டி அசந்துபோகும். அசந்து, அசென்ட். இறங்கையில ஆட்டம் போடாம டீசன்ட்டாப் போகணும். டீசன்ட், டிசென்ட். சரிவுக்கு ஸ்லோப். அங்க ஸ்லோவாப் போகணும்" என்றேன். இதையெல்லாம் நானே கண்டுபிடித்தேன் என்று பெருமை வேறு.

"ரிட்ஜுன்னா?"

"ரெண்டு பக்கமும் சரிவு, நடுவுல நீளமா மேடு. கண்மாய்க் கரை மாதிரி."

"ஃபிரிட்ஜுல முதல் எழுத்தை எடுத்துட்டா ரிட்ஜு" என்று அவரும் ஒன்று கண்டுபிடித்தார். "கிளிஃபு?"

"செங்குத்தான பாறை விளிம்பு. அது காதுல விழுந்தாலே பிரேக்கு."

"மவுண்டுன்னா மலைதான சார்? மெட்ராஸுல மவுண்ட் ரோட்டுல மேடே இல்லையே?"

"ஹேண்ட் பிரேக்கைப் போடுங்க" என்றேன்.

பாலத்தின் பாதி ஏற்றத்தில் நிறுத்தி நிறுத்தி எடுப்பதைப் பார்த்து, பின்னால் வந்த டிராக்டர்காரர் கத்தினார்: "என்னம்மா, பிரேக்டவுனா? தள்ளிவிடவா?"

"இல்லண்ணே, மலை ஏறிக்கிட்டு இருக்கோம்!"

சனிக்கிழமை கொடைக்கானலுக்கு நானும் துணைக்குப் போனேன். பஸ் வளைவுகளில் திரும்பத் திரும்ப எனக்கு வாந்தி. எஸ்தர் எலுமிச்சம்பழத்தை நீட்டி, "என்ன சார், ஏத்தத்துல அசந்துட்டீகளா?" என்றார்.

டெஸ்ட்டுக்குப் பள்ளிக்கூட வேன். வார்டன் முன்னால், நான் பின் சீட்டில். "ஸ்டாப் ஆன் தி ஸ்லோப்" என்றார் வார்டன். எஸ்தர் நிறுத்தினார். "ஸ்டார்ட்" என்றார் வார்டன். கிளட்ச்சைப் பாதியில் பிடித்து, வண்டியைத் துளிகூடப் பின்னால் விடாமல் மேட்டின் உச்சிக்கே கொண்டுபோய் நிறுத்தினார் எஸ்தர். எனக்கே கைதட்டத் தோன்றியது.

வார்டன் சந்தோஷமாக, "வெரி டீசன்ட்!" என்றார்.

எஸ்தர் உடனே கியரைப் போட்டு அந்தப் பக்கம் இறக்கத்தில் விட்டார்.

"நோ! நோ! எங்க போறீங்க?"

"டிசென்ட்டுலதான் மேடம்! நீங்கதான சொன்னீக!"

எதிரே வளைவு. வார்டன் இரண்டு கையாலும் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு, "கிளிஃப்! கிளிஃப்!" என்று அலறினார். அடுத்த நொடி பிரேக். வேன் குலுங்காமல் நின்றது.

நான் பின்னாலிருந்து, அசந்துபோவதில் தொடங்கி எல்லாவற்றையும் விளக்கினேன். வார்டன் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். சிரிக்கிறார். கண்ணைத் துடைத்துக்கொண்டு எஸ்தரிடம், "திங்கட்கிழமை வந்துடுங்க. இனிமே நான் தமிழ்லயே சொல்றேன்" என்றார்.

ஒரு மாதம் கழித்து எஸ்தர் போன் செய்தார். "சார், இங்க எங்க பாத்தாலும் ஏத்தம் இறக்கந்தான். நம்ம ஊரு மாதிரி சமமாக் கெடக்குற தரைக்கு இங்கிலீஷுல என்ன?"

"ப்ளெயின்."

"வெளையாடாதீக சார். அது ஆகாசத்துல போறது."

புதிதாக இன்ஸ்ட்ரக்டர் வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கிளட்ச்சைச் சொல்லிக்கொடுங்கள், பிரேக்கைச் சொல்லிக்கொடுங்கள். இங்கிலீஷும் சொல்லிக்கொடுத்தீர்கள் என்றால், டெஸ்ட்டு அன்றைக்கு நீங்கள் அந்த வண்டியில் ஏறாதீர்கள்.