அக்கா வீட்டு வாசலில் ஓடிய மணி பிளாண்ட்

எங்கள் அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இன்று கோயிலில் பூசை முடிந்து இந்த நினைவு மலர்ப் புத்தகத்தைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே தங்கை எழுதுகிறேன். எனக்கு நயமாக எழுத வராது. நயமாகப் பேசுகிறவர்களை அக்காவுக்கும் பிடிக்காது என்பதால் துணிந்து எழுதுகிறேன்.

அக்கா காரைக்கால் பக்கம் போலகத்தில் பிறந்தார். அம்மா இறந்தபோது அவருக்குப் பதினாறு வயது, எனக்கு ஏழு. எனக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் தட்டச்சு வகுப்புக்கு ஓடுவார். காரைக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சராகச் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டார். என்னைப் படிக்கவைத்துத் திருச்சியில் கட்டிக்கொடுத்தார். தங்கைக்காகவே கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று பலரும் சொல்வார்கள். ஒருமுறை கேட்டே விட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்லடி. வந்தவன் எவனையும் எனக்குப் புடிக்கல" என்றார். பொய்யாகவும் இருக்கலாம்.

ஓய்வுக்குப் பிறகு அக்காவைப் பிடித்துக்கொண்டவை வீட்டுக்குள் வளர்க்கிற செடிகள். ஜன்னல் ஓரமெல்லாம் காலி ஜாம் பாட்டில்கள், ஒவ்வொன்றிலும் வெட்டிவைத்த ஒரு தண்டு. இலை தண்டோடு சேரும் கணுவில்தான் வேர் விடும், அதற்குச் சற்றுக் கீழே வெட்ட வேண்டும், மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீர் மாற்ற வேண்டும், வேர் விரல் நீளம் வந்ததும் மண்ணுக்கு மாற்ற வேண்டும். ஞாயிறுதோறும் தொலைபேசியில் எனக்கு இந்தப் பாடம் நடக்கும். நான் 'ம்' கொட்டிக்கொண்டே துணி மடிப்பேன்.

வேர் விட்டதை யார் கையிலாவது கொடுக்க வேண்டும் என்பது அக்காவின் ஆசை. ஆனால் நம் ஊர் நம்பிக்கைதான் தெரியுமே, மணி பிளாண்டைக் கேட்டு வாங்கினால் தழைக்காது, திருடி வைத்தால்தான் வீட்டில் காசு தங்கும். வாசல் கேட்டில் படர்ந்திருந்த கொடியைத் தெருவில் போகிறவர்கள் கிள்ளிக்கொண்டு போனார்கள். அவர்கள் வெட்கப்படக் கூடாதே என்று அக்கா ஜன்னலுக்குப் பின்னால் அசையாமல் நிற்பாராம். கேட்டு நான் சிரித்தேன்.

"சிரிக்காதடி. கேட்டாங்கன்னா உள்ள வருவாங்கல்ல? ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போவாங்கல்ல?" என்றார்.

வேண்டுகிறவர்கள் உள்ளே வரட்டும் என்று கொடியைக் கூடத்துக்குள் திருப்பிவிட்டுப் பார்த்தார். இரண்டு மாதம் ஒருவரும் காலிங் பெல்லை அழுத்தவில்லை. மறுபடி வாசலுக்கே விட்டார். அதோடு நின்றாரா? கணு இல்லாமல் கிள்ளினால் வேர் விடாதே என்று, கிள்ள வேண்டிய இடத்திலெல்லாம் சிவப்பு நூல் கட்டிவைத்தார். திருட வருகிறவர்களுக்கு அடையாளம் கட்டிவைத்த புண்ணியவதி எங்கள் அக்கா. அதே இடத்தில் கிள்ளிக்கொண்டு அவர்களும் பேசாமல் போனார்கள்.

கேட்டு வாங்கியவர் ஒரே ஒருவர், எதிர்வீட்டு ஜெய்புன்னிசா. கணவர் துபாயில், பிள்ளைகள் வெளியூரில். ஒரு செடி வாங்கிப் போவார், சில வாரத்தில் அழுகிப்போய்விட்டது என்று வந்து நிற்பார். அக்கா காப்பி போட்டுக் கொடுத்து, இன்னொன்றும் கொடுத்தனுப்புவார். தண்ணீரைக் குறைக்கச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று நான் எரிச்சல்பட்டேன்.

"சொல்லிட்டா அப்புறம் அவ வர மாட்டாளே" என்றார் அக்கா.

எனக்கும் ஒன்று வேர் விட்டிருக்கிறது, வந்து எடுத்துப் போ என்றார். கூரியரில் அனுப்பச் சொன்னேன்.  "சரிடி, பாக்குறேன்" என்றார். அனுப்பவில்லை. திருச்சியிலிருந்து காரைக்காலுக்கு ரயில் இருக்கிறது. நானோ ஆண்டுக்கு ஒருமுறை கல்லறைத் திருநாளுக்கு வந்து, அம்மா அப்பாவுக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, அன்றைக்கே திரும்பிவிடுவேன்.

சென்ற ஆண்டு ஒரு காலையில் அக்காவுக்கு மூச்சுத் திணறியது. ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனவரும் ஜெய்புன்னிசாதான். நான் போய்ச் சேர்ந்தபோது அக்காவுக்குப் பேச்சு நின்றிருந்தது. இரண்டு நாள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் வந்தது அவருக்குத் தெரியுமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

போன வாரம் இந்தப் பூசைக்காக வீட்டைக் கழுவ வந்தேன். ஜெய்புன்னிசாவும் கூடவே பெருக்கினார். மனம் தாங்காமல், செடி ஏன் அழுகியது என்பது அக்காவுக்குத் தெரியும், நீங்கள் வர வேண்டும் என்றுதான் சொல்லவில்லை என்று சொல்லிவிட்டேன். அவர் விளக்குமாற்றைக் கீழே வைத்தார்.

"ஒண்ணுகூட அழுகலைங்க. அவங்க குடுத்த அத்தனையும் எங்க வீட்டுலதான் இருக்கு. சும்மா வந்து ஒக்காரக் கூச்சமா இருந்துச்சு. அதான் அழுகிப்போச்சுன்னு சொல்லிக்கிட்டு வருவேன்" என்றார்.

அக்காவைக் கவனித்துக்கொண்ட செவிலியர்களுக்கும், கடைசி நற்கருணை கொடுத்த பங்குத்தந்தைக்கும், பெட்டியைத் தோளில் தாங்கியவர்களுக்கும், கொடியைக் கிள்ளிப்போன தெருவாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஜெய்புன்னிசாவுக்கு எந்த வார்த்தையில் நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அக்கா வீட்டுக்கு வர அவருக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. கூடப்பிறந்த எனக்கு எந்தச் சாக்கும் வேண்டியதில்லை. வராமல் இருக்கத்தான் ஒவ்வொரு ஞாயிறும் நான் ஒரு சாக்குச் சொன்னேன்.