மஞ்சக்கோட்டைத் தாண்டிய ஜீப்

எங்கள் விமான நிலையத்து சீனியர் டெக்னீஷியனுக்கு மஞ்சக்கோடு என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஓடுபாதை முடிகிற இடத்தில் ஒரு ஆன்டெனா நிற்கிறது. அதன் முன்னால் தரையில் ஒரு மஞ்சள் கோடு. யாராவது வண்டியோடு அதைத் தாண்டினால் வள்ளென்று விழுவார். புல் வெட்ட வருகிறவர்களிடம் இருபது வருஷமாக ஒரே பாட்டு:

"பனியில பைலட்டுக்குக் கண்ணு தெரியாது. இது அனுப்புற ரேடியோ அலையப் பிடிச்சுக்கிட்டுதான் விமானம் தானா நேரா வந்து இறங்குது. உன் டிராக்டர் குறுக்கே நின்னா அலை வளையும்ப்பா."

இன்னொரு ஆன்டெனா இறங்கும் சரிவைக் காட்டும், கடைசி ஐம்பது அடியில் விமானமே உயரத்தை அளந்து மூக்கைத் தூக்கிக்கொள்ளும் என்று அடுத்த சரணமும் உண்டு. கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

அன்று காலை அடர்ந்த பனி. அவர் மனைவி ஆஸ்பத்திரியில் இன்றோ நாளையோ என்று கிடந்தார். அம்மா முகத்தை உயிரோடு பார்த்துவிட வேண்டுமென்று மகன் வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்தான். லீவு போடுங்கள் என்றேன். கேட்கவில்லை.

"என் பையன் வர்ற விமானம். நானே ஒரு தடவை பார்த்துடறேன்."

ஜீப்பில் ஆன்டெனாவுக்குப் போனார். எல்லாம் சரியாகவே இருந்தது. அப்போது ஆஸ்பத்திரியிலிருந்து போன், உடனே வரச் சொல்லி. சுற்றுப்பாதையில் திரும்பினால் பத்து நிமிஷமாகும். பதற்றத்தில் கன்ட்ரோல் டவரைக்கூடக் கேட்காமல் கோட்டைத் தாண்டி ஜீப்பைப் புல்லில் விட்டுவிட்டார். ஈரமண்ணில் சக்கரம் புதைந்தது, ஆன்டெனாவுக்கு நேர் முன்னால்.

அறையில் என் மானிட்டர் அலறியது. அலை பிசகினால் கருவி தானாக அணைந்துவிடும், தப்பான வழி காட்டக் கூடாதே. இறங்க வந்த மகனின் விமானம் தலைக்கு மேல் எழும்பிப் போகிற சத்தம் கேட்டது. ஜீப்பை இழுத்து, கருவியைச் சரிபார்த்துப் போட நாற்பது நிமிஷம். அதற்குள் விமானத்தை வேறு ஊருக்குத் திருப்பிவிட்டார்கள். அங்கிருந்து ரோட்டில் ஆறு மணி நேரம்.

இவர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மனைவிக்கு நினைவு இருந்தது.

"வந்துட்டானா?"

"நம்ம ஊர்லயே இறங்கிட்டான். வந்துக்கிட்டே இருக்கான்."

அதைக் கேட்டுக் கண்ணை மூடியவர்தான், திறக்கவில்லை.

மகன் சாயங்காலம் வந்தான். அழுது ஓய்ந்து, அப்பாவிடம் கேட்டான். "தானா இறங்கும்னுதானே சொல்வீங்க. ஏன்ப்பா இறங்கல?"

பனி என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார். "என் ஜீப்பு குறுக்கே நின்னுச்சு."

மறுவாரம் மகன் திரும்பிப் போனான். இன்றுவரை ஒரு போன் கிடையாது. இந்த மனுஷன் மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"பனின்னு சொல்லியிருந்தா என்ன குறைஞ்சிருக்கும் சார்?"

மஞ்சக்கோடு மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவகிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன்ல. அது போதும்ப்பா."