தாத்தா கப்பல் ஏறிய காரணம்

என் கணவருக்கு மலேசியாவில், ஈப்போ நகரத்துக் கையுறை ஆலை ஒன்றில் ஓராண்டு வேலை கிடைத்தது. மகன் மதுரையில் விடுதியில் தங்கிப் படித்ததால் நானும் உடன் போவதென்று முடிவாயிற்று. அருப்புக்கோட்டை வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு வர, நரிக்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குப் போனேன். அம்மா வாசலில் மிளகாயைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

“ஈப்போவா?” என்றாள். பரப்பிக்கொண்டிருந்த கை நின்றது. “அப்ப எங்க அம்மாளப் பத்தி விசாரிச்சிட்டு வா.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மாவைப் பெற்றவள் இதே ஊரில் வாழ்ந்து இதே ஊர்ச் சுடுகாட்டில் எரிந்தவள். நான் மாரில் அடித்துக்கொண்டு அழுதிருக்கிறேன்.

“அவுக வளத்தவுக. என்னயப் பெத்தவ ஒரு சீனாக்காரி.”

சொல்லிவிட்டு மறுபடியும் மிளகாயைப் பரப்ப ஆரம்பித்துவிட்டாள். நாற்பத்தெட்டு வயதில், இரண்டு கையிலும் பைகளோடு, நான் அப்படியே நின்றேன். அம்மாவுக்குச் சிறிய கண்கள். பருத்திக் காட்டு வெயிலில் சுருக்கிச் சுருக்கி அப்படி ஆகிவிட்டதென்று அப்பா கேலி செய்வார். நாங்களும் அதை நம்பிச் சிரித்திருக்கிறோம்.

“அப்பாவுக்குத் தெரியுமா?”

“தெரியும். கல்யாணமான புதுசுல தண்ணிக் குழாயில சண்ட. ஒருத்தி ‘வாங்கி வளத்த சீனாக்காரி பிள்ள’ன்னு ஏசிட்டா. எங்க அய்யாகிட்டப் போயிக் கேட்டேன். ஆமான்னாரு. அதுக்கு மேல ஒரு வார்த்த பேசல.”

“எங்ககிட்ட ஏம்மா சொல்லல?”

“நீங்க கேக்கல.”

ஐந்து வயதில் மலேயாவிலிருந்து கப்பலில் வந்தவள் அம்மா. அவளுக்கு நினைவிருந்தது ஈப்போவுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தின் பெயரும், அதன் வாசலில் இருந்த ரொட்டிக்கடையும்தான். அங்கே ஒரு சீனப் பெண் தன்னைத் தூக்கி வைத்துக்கொண்டு சூடான ரொட்டியைப் பிய்த்து ஊட்டுவாளாம். அவள்தான் பெற்றவள் என்பது பின்னால்தான் விளங்கியதாம்.

அந்தக் கப்பலைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரு கதை உண்டு. தாத்தாவுக்கு வெள்ளைக்காரன் தோட்டத்தில் கைகட்டி நின்றது வெறுத்துப்போயிற்று; சொந்த மண்ணில் ஏர் பிடிக்க வேண்டுமென்று எல்லாவற்றையும் உதறிவிட்டுக் கப்பல் ஏறினார்; பாறையை உடைத்துக் கிணறு வெட்டினார். பள்ளிக்கூடத்தில் இதை நான் மேடையேறிப் பேசியிருக்கிறேன்.

ஈப்போவுக்குப் போய் வெகுநாள் வரை நான் யாரிடமும் விசாரிக்கவில்லை. பயமாக இருந்தது. சந்தையில் காய் பொறுக்கும் சீனக் கிழவிகளின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன். கடைசியில் ஒருநாள், கோயிலுக்குப் போகும்போதெல்லாம் நான் பூ வாங்கும் தமிழ்ப் பெண்மணியிடம் பேச்சுவாக்கில் தோட்டத்தின் பெயரையும் வாசலில் இருந்த ரொட்டிக்கடையையும் சொன்னேன். அவர் பிறந்து வளர்ந்ததே அங்கேதானாம்.

“ரொட்டிக்கடையா? அந்தக் கடையெல்லாம் எப்பவோ இடிச்சாச்சு. அந்த வீட்டு மூத்த மகன் இங்க டவுன்லதான் இருக்காரு. நானே கூட்டிட்டுப் போறேன், வாங்க.”

அவ்வளவு எளிதாக முடியுமென்று நான் நினைக்கவே இல்லை.

கதவைத் திறந்தது என் அம்மா. அப்படித்தான் எனக்குத் தோன்றியது. மூக்குக்கண்ணாடி போட்டு, அரைக்கால் சட்டை அணிந்து, தலை வழுக்கையாகி நிற்கும் என் அம்மா. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

“உள்ள வாம்மா, வெயிலு,” என்றார் அந்தச் சீனக் கிழவர், தமிழில்.

தோட்டத்துப் பிள்ளைகளோடு விளையாடி வந்த தமிழாம். பூக்காரப் பெண்மணி விஷயத்தைச் சொன்னதும் அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மகளை அழைத்து விளக்கைப் போடச் சொல்லி மறுபடியும் பார்த்தார்.

“என் தங்கச்சி எங்க சீனக் கணக்குல புலி வருஷத்துல பொறந்தா,” என்றார். “புலி வருஷம் பொம்பளப் பிள்ள, அப்பாவுக்கு ஆவாதுன்னு சாமி பாக்குறவன் சொல்லிட்டான். தோட்டத்துல ஒரு தமிழ் வீட்டுக்குப் பிள்ள இல்ல. குடுத்துட்டாங்க.”

“அப்பாவுக்கு ஒண்ணும் ஆகலயே?”

“அஞ்சு வருஷம் கழிச்சு லாரி அடிச்சுச் செத்துட்டாரு.” இதைச் சொல்லும்போது அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை. “குடுத்தும் செத்துட்டாரு. அப்புறம் எதுக்கு அங்க விடணும்? அம்மா போயித் திருப்பிக் கேட்டுச்சு. உங்க தாத்தா, தீபாவளி போகட்டும், நல்ல நாள் பாத்துக் குடுக்குறோம்னாரு. தீபாவளி முடிஞ்சு நாங்க போனோம். நான்தான் புதுச் சப்பாத்து கையில வச்சிருந்தேன், தங்கச்சி காலுக்கு. வீடு பூட்டிக் கெடக்கு. பினாங்குக்கு ஓடினோம். கப்பல் போயிருச்சு.”

யாரோ என் கன்னத்தில் அறைந்ததுபோல இருந்தது. சொந்த மண், ஏர், கிணறு எல்லாம் ஒரு நொடியில் போயிற்று. என் தாத்தா, கணவனை இழந்த ஒருத்தியின் பிள்ளையோடு இரவோடிரவாக ஓடி வந்தவர்.

அவர் கொடுத்த காப்பியை நான் தொடவில்லை. அவருக்குக் கோபம் இருந்ததா என்று இன்றும் தெரியவில்லை. “அங்க நல்லாச் சாப்பிட்டாளா?” என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார்.

ஒரு வாரம் அம்மாவோடு பேசுவதைத் தவிர்த்தேன். பிறகு போனில் எல்லாவற்றையும் சொன்னேன்.

“கப்பல்ல எங்க ஆத்தா என்னய மடிய விட்டு எறக்கவே இல்ல,” என்றாள். “கடலப் பாத்துப் பயந்தாகன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன்.” பிறகு, “ஏத்தா, ஊருக்கு வந்து தாத்தா படத்த எறக்கிறாத. அவுகதான் என்னய வளத்தாக.”

“உனக்குக் கோவம் வரலியா?”

“வருது. யாரு மேலன்னுதான் தெரியல.”

ஊரைத் தாண்டினால் திருச்சுழி, திருச்சுழியைத் தாண்டினால் அருப்புக்கோட்டை என்று இருந்தவள், எழுபத்தைந்து வயதில் பாஸ்போர்ட் எடுத்தாள். எங்கள் ஓராண்டு முடியும் தறுவாயில் அப்பா மதுரையில் விமானம் ஏற்றிவிட, சென்னை வழியாக வந்து சேர்ந்தாள். அண்ணனும் தங்கையும் கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. இருவரும் எதிரெதிரே நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். “உனக்கு மூட்டுவலி இருக்கா?” என்று கேட்டார் அவர். “இருக்கு,” என்றாள் அம்மா. “எனக்கும் இருக்கு,” என்றார்.

மறுநாள் காலையில் தாயின் கல்லறைக்கு அழைத்துப் போனார். குன்றுச் சரிவில் அரைவட்டமாகக் கட்டிய சமாதிகள். கல்லில் பதித்த சிறிய படத்தில் ஒரு பெண் கடுகடுவென்று பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா சேலைத் தலைப்பால் அந்தப் படத்தைத் துடைத்தாள். அதன் கீழே சீன எழுத்துகள் வரிசையாக இருந்தன.

“பிள்ளைங்க பேரு,” என்றார் அவர். விரல் ஒவ்வொன்றாக இறங்கி வந்து ஓர் இடத்தில் நின்றது. “இது நீ.”

கொடுத்த பிள்ளையின் பெயரை யாரும் கல்லில் வெட்டுவதில்லையாம். சாகும்போது தாய் கேட்டுக்கொண்டதால் வெட்டினார்களாம். அம்மா கல்லைவிட்டுக் கண்ணை எடுக்காமல், “எப்படிச் சொல்லணும்?” என்று கேட்டாள்.

அவர் சொன்னார். அம்மா சொல்லிப் பார்த்தாள். அது சரியில்லை என்று அவர் தலையாட்டிவிட்டு, மெதுவாக, குரலை ஏற்றி இறக்கி இன்னொரு தரம் சொல்லிக் காட்டினார். அம்மா அவருடைய வாயையே பார்த்துக்கொண்டு மறுபடியும் சொன்னாள்.